அஞ்சாவது பாட்டு

நர்மதா,

குன்னம் பக்கம் வெங்காயம் புடுங்கப் போறேன். வேன் வந்துடுச்சு, உன்னை எழுப்பல. கருவாட்டுக் குழம்ப சுட வச்சுத் தின்னுட்டு மெட்ராஸ் பஸ் ஏறு.

நீ ஸ்டுடியோவுல பாடுன மொத ஆல்பத்த நேத்து எங்கூட வேல செய்யிற புஷ்பவல்லி காட்டுல வச்சு செல்போன்ல போட்டா. அஞ்சாவது பாட்டுல, பள்ளிக்கூடம் விட்டு வந்தா வூடு பூட்டிக் கெடக்கும்னு பாடிருக்க. அத்தன பேரும் என்னையே பாத்தாங்க. அந்தக் கோவத்துலதான் ராத்திரி வூட்டுக்கு வந்து உங்கிட்ட கத்திட்டேன். ஆனா நீ பாடுனது நெசந்தான்டி.

சாவிய அதே மாடத்துல வையி.

அம்மா

இன்னொண்ணு. நீ மெட்ராஸ் போனதுலேருந்து பூட்டுன வூட்டுக்குத் தெனம் வர்றது நான்தான். நீ வாங்கியாந்த ஸ்பீக்கர்ல பென்டிரைவ செருகி, அந்தப் பாட்டையே திரும்பத் திரும்ப ஓடுறாப்ல விட்டுட்டுப் பூட்டு. நான் வர்றப்ப உள்ள ஆள் இருக்காப்ல இருக்கும்.