ஷால்யாவின் இடுப்புப் படம்

மாகோ,
செப்டம்பர் 14, திங்கள்

அன்புள்ள ஓடனுக்கு,

நீயும் மார்கிட்டும் நலம்தானே? இங்கே வெங்காய அறுவடை முடிந்துவிட்டது. நேற்று இரண்டு முறை உனக்குத் தொலைபேசினேன். மார்கிட் எடுத்ததும் வெங்காய விலையைப் பேசிவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் இந்த விரைவு அஞ்சல்.

ஷால்யாவை இனச்சேர்க்கைக்கு விடுமுன் இடுப்பை எக்ஸ்ரே எடுத்தேன். மயக்க ஊசியைப் பார்த்ததும் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். “மாமா, நாய் நிம்மதியா தூங்குது, நீங்க ஏன் சுத்துறீங்க? வெளிய போய் உக்காருங்க” என்று டாக்டர் தீமேயா விரட்டினாள்.

சனிக்கிழமை முடிவு வந்தது. இரண்டு பக்கமும் ‘டி’ தரம்; ‘ஏ’ என்றால்தான் நல்ல இடுப்பு. தொடை எலும்பு குழியில் சரியாக உட்காரவில்லை. போன வாரம்தான் கௌதாரிக்குப் பின்னால் வயல் முழுக்க ஓடினாள் என்றேன். “விஸ்லா சாதி நாய் வலியக் காட்டாது மாமா. பறவை வாசம் வந்தா மூணு கால்லயும் ஓடும்” என்றாள்.

ஷால்யாவுக்கு இனிக் குட்டிகள் இல்லை. அதை ஏற்றுக்கொண்டேன். ஆனால் இது பரம்பரையாக வரும் கோளாறு; என் கவலை அவளுடைய அண்ணன் ரிகோவைப் பற்றியது.

ஐந்து வருஷம் முன்பு அவனை எடுத்துப்போக வந்தபோது, தாய்க்குப் படம் எடுத்தாயிற்றா என்று கேட்டாய். எடுத்தாயிற்று, ‘ஏ’ என்றேன். எடுக்கவே இல்லை, ஓடன். மயக்கத்திலிருந்து தாய் பிபாச் எழாமல் போய்விடுவாளோ என்று பயந்தேன். அந்த இலையுதிர்காலத்தில் வேட்டை நாய்களின் வயல் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு. இப்படி ஓடும் நாய்க்கு இடுப்பில் என்ன கோளாறு இருக்கும் என்று கிளப்பில் எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பரிசையே மருத்துவச் சான்றாக வைத்துக்கொண்டேன். அளக்காமல் எதையும் எழுதாதே என்று நாற்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான்.

உன் போன கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். வரும் சனிக்கிழமை ரிகோவைப் பெண் நாயிடம் கூட்டிப்போகிறாய். “தாய் சுத்தம், மகனுக்கு எதுக்குடா படம்? நீ சொன்னா போதும்” என்று எழுதியிருக்கிறாய். கீழே சிறிய எழுத்தில், “காலைல எழுந்திரிக்கிறப்ப பின்காலு மடங்குது, என்னை மாதிரி அவனும் கிழவனாயிட்டான்” என்று கேலி. அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். அவனுக்கு ஐந்து வயதுதானே.

முதலில் படம் எடு. தப்பு நான் சொன்ன பொய்யோடு முடிந்து, ரிகோவின் கால்கள் நன்றாயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் ஷால்யாவின் படத்தோடு வருகிறேன். என்னை வீட்டுக்குள் விடாவிட்டாலும் சரி, படம் எடுக்கும்வரை ரிகோவை அந்தப் பெண் நாயிடம் விடாதே.

உன்
பெர்டலான்