முழுக்கைச் சட்டைக்காரன்

என் அன்பு மாப்ளே ஜெபா,

தாம்பரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தபோது உன்னை 'டேய்' என்றுதான் கூப்பிட்டேன். என் தங்கை ஹெலனைக் கட்டிக்கொண்டு மாப்ளே ஆனாய். நீ போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியும் வாய்க்கு வருவது அதுதான்.

ஒரு சேதி இருக்கிறது. உன் லாரிக்காரி வீடியோ கேமை டிவி தொடராக எடுத்துவிட்டார்கள். காய்ச்சல் வந்து உலகமே முடிந்துபோன பிறகு, ஒருத்தி பழைய லாரியில் மருந்து ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவாளே, அதேதான். தமிழிலும் பேசுகிறார்கள். நோயாளியும் மிலிட்டரிக்காரனும் ஒரே குரலில் பேசுவதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, உங்கள் பீர்க்கன்கரணை வீட்டு ஹாலில்தான் பார்க்கிறோம். நீ கேம் ஆடிய அதே சோபா. நீ ஆடுவாய், எனக்குக் கை வராது, பக்கத்தில் உட்கார்ந்து வாயால் ஆடுவேன். அடுத்து என்ன நடக்கும் என்று முதலில் சொல்பவன் ஜெயித்தான், தோற்றவன் டீ போட வேண்டும். எத்தனை வருஷம் அப்படிக் கத்தினோம்?

நாம் வைத்த பெயர்களெல்லாம் ஞாபகம் இருக்கிறதா? மகள் படத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறவன் போட்டோ கேஸ், பத்து நிமிஷத்தில் போய்விடுவான். முதல் காட்சியில் லேசாக இருமுகிறவன் இருமல் கேஸ். ஊரே பட்டினி கிடக்கும்போது வெள்ளைத் தட்டில் விருந்து வைக்கிற பெரிய மனிதன் இருக்கிறானே, அவனை நம்பவே கூடாது.

உலகம் அழிந்தால் எல்லாரும் துப்பாக்கியைத் தூக்குவார்கள் என்பதை மட்டும் நீ கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஏரி நிரம்பி நம் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டுக்காரரே மொட்டை மாடியிலிருந்து பால் பாக்கெட்டைக் கயிற்றில் கட்டி அனுப்பினார். "நம்ம ஊர்ல உலகம் அழிஞ்சா, முதல்ல யாராச்சும் சாம்பார் வைப்பாங்க மச்சான்" என்றாய். தொடரில் இன்னும் யாரும் சாம்பார் வைக்கவில்லை.

முதல் எபிசோடில் ஒரு சிப்பாய் பையைத் திறந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஹெலன் நிமிராமலே, "போட்டோ எடுக்கப் போறான். இவன் அவ்ளோதான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த கேமை ஹெலன் ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. இரைச்சல் என்று கதவைச் சாத்திக்கொண்டு சமைப்பாள் என்றுதானே நாம் நினைத்தோம்? இத்தனை வருஷமும் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பாடம் முழுவதும் கேட்டிருக்கிறாள். ஐந்து வாரமும் நான்தான் டீ போட்டேன். "உன் தங்கச்சி ரொம்பக் கெட்டிக்காரி" என்று நீ அடிக்கடி சொல்வாய். நான்தான் நம்பவில்லை.

ஆறாவது எபிசோட் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

பெட்ரோல் பங்க்காரன். கேமில் அவன் வருவது ஐந்தே நிமிஷம். கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை பட்டன் போட்டிருப்பான். உள்ளே நோயாளியின் நகம் பட்ட கீறல், காய்ச்சல் ஏறிவிட்டது, மனைவியிடம் மறைக்கிறான். முதல் தடவை பார்த்தபோது அவனை எப்படித் திட்டினாய்! பொண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்வதில் என்னடா கஷ்டம், இவன் செத்தால்கூட எனக்கு வருத்தமில்லை என்றாய்.

அப்புறம் ஒரு நவம்பர் மாதம், ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தபோது, வயிற்று ஸ்கேன் ரிசல்ட்டை என்னிடம் சொன்னாய். கிறிஸ்துமஸ் முடியட்டும், அவள் நிம்மதியாகக் கேக் போடட்டும், புது வருஷத்தில் நானே சொல்கிறேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாய். மாத்திரையை ஆபீஸ் மேசையில் வைத்துக்கொண்டாய். ரிப்போர்ட்டை எங்கே வைத்தாய்? லாரிக்காரி கேம் டிஸ்க் பெட்டிக்குள். ஹெலன் தொடவே தொடாத இடம் என்று பெருமை வேறு.

சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஜனவரியில் நீ சொன்னபோது அவள் அழுதாள். நானும் அப்போதுதான் கேட்பவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து, அவள் எனக்கு ஒவ்வொரு முறை சாப்பாடு போடும்போதும் குற்றவாளியாகத்தான் உட்கார்ந்தேன். கூடப் பிறந்தவளிடம் மறைத்த இரண்டு மாதத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது, மாப்ளே?

தொடரில் பங்க்காரனுக்கு ஒரு எபிசோட் முழுவதையும் கொடுத்துவிட்டார்கள். கல்யாணம், தோட்டம், இருவரும் சேர்ந்து வளர்க்கும் கோழிகள், எல்லாம். ஓரத்தில் நிற்கிறவனைத் திடீரென்று நடுவில் கொண்டுவந்தாலே அவனைக் கொல்லப் போகிறார்கள் என்று அர்த்தம், அது நமக்குப் பழக்கம்தான். ஆனால் கேமில் தப்பாகப் போனால் பின்னால் போய் மறுபடி ஆடலாம். இதில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கடைசியில் சட்டையைக் கழற்றுகிறான். மனைவி, ஐயோ எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று கதறுகிறாள்.

நான் ஹெலன் பக்கம் திரும்பவே இல்லை.

அவள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள். "இது பொய்ண்ணா. சட்டையைத் துவைக்கிறவளுக்குத் தெரியாம இருக்குமா?" என்றாள்.

அவ்வளவுதான், என்னால் முடியவில்லை. எனக்கு நவம்பரிலேயே தெரியும் ஹெலன், அவன் சொல்ல வேண்டாம் என்றான், நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள், இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்பாள் என்று நினைத்தேன்.

ஹெலன் எழுந்து டிவிக்குக் கீழே இருந்த டிஸ்க் பெட்டிகளைக் காட்டினாள். "சனிக்கிழமை சனிக்கிழமை இதையெல்லாம் யாரு தொடைக்கிறாங்கன்னு நினைச்சீங்க ரெண்டு பேரும்?"

ஸ்கேன் எடுத்து ஒரு வாரத்துக்குள்ளேயே படித்துவிட்டாள், மாப்ளே. படித்துவிட்டு, மடிப்பு கலையாமல் திரும்ப வைத்துவிட்டாள். அதற்கு முன்னாலேயே சந்தேகம் இருந்ததாம். படிப்பதற்கு முந்தின ஞாயிறு நீ மறுபடி பங்க்காரன் கட்டத்தை ஆடினாய், நாம் இருவரும் வாயே திறக்கவில்லை. அந்த ஹாலிலிருந்து சத்தம் வராதது அன்றைக்குத்தான் முதல் தடவை என்கிறாள்.

ஏன் கேட்கவில்லை என்றேன். பெட்டிகளை நேராக அடுக்கி வைத்தாள்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டுதான் அவரு அந்த கிறிஸ்துமஸ்ல சிரிச்சுக்கிட்டிருந்தாரு. அதை எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேண்ணா."

அந்த டிசம்பர் முழுக்க நீ என்னிடம் ஒரு புகார் சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? "உன் தங்கச்சிக்குச் சமையலே மறந்துபோச்சு", மீன் குழம்பில் காரமே இல்லை, பச்சைக் குழந்தைக்கு ஊட்டுகிற மாதிரி இருக்கிறது என்று. உன் வயிற்றுக்காகத்தான் குறைத்தாள், மாப்ளே. உன்னிடம் சொல்லாமல் குறைத்தாள். கோவளத்துக்குப் போய் நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வந்து, மிளகாயைப் பாதியாக்கி, உன் திட்டையும் வாங்கிக்கொண்டாள். ஜனவரியில் நீ சொன்னபோது அவள் அழுதது மட்டும் நடிப்பில்லை. இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை என்றாள்.

நம் பட்டியலில் இப்படி ஒரு கேஸே கிடையாதே? கீறலை மறைக்கிறவனைத் தெரியும், அதற்குத் துணை போகிற நண்பனையும் தெரியும். முழுவதையும் தெரிந்துகொண்டு தெரியாதவளாகப் பரிமாறுகிறவளை இந்தக் கதைகள் எழுதுகிறவர்கள் யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது.

அன்றைக்கு ஹெலன்தான் டீ போட்டாள். நான் தோற்றவன், நான் போடுகிறேன் என்றதற்கு, உட்காருங்கண்ணா என்று சொல்லிவிட்டாள். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் நிம்மதியாக ஒரு கப் டீ குடித்தேன். அப்படியே, டாக்டர் எனக்கு நெஞ்சுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லி மூன்று மாதமாக நான் தள்ளிப்போடுவதையும் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் திட்டு விழுந்தது, நன்றாகவே விழுந்தது. வியாழக்கிழமை அவளே கூட வருகிறாள்.

அடுத்த ஞாயிறு கடைசி எபிசோட். லாரிக்காரி கடைசி ஊரின் பெரிய கேட்டைத் தாண்டி உள்ளே போவாள் என்று ஹெலன் அடித்துச் சொல்கிறாள். நீ கடைசிவரை ஆடி முடித்துவிட்டு முடிவை என் காதில் மட்டும் சொன்னாய், அதனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. பரிசோதித்தும் பார்த்துவிட்டேன், இதை மட்டும் கதவு வழியாகக் கேட்டிருக்கவில்லை.

உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன், மாப்ளே. இனிமேல் ஹெலனிடம் எதையும் மறைக்க மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வரை அந்த முடிவு ஒன்றைத் தவிர.

அரைக்கைச் சட்டையுடன்,
உன் மச்சான், ஹெலனின் அண்ணன்