ஐந்தாவது சுகாதார அலுவலர்

ஜனவரி 11

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் யார் என்று பிடிபடாமல் போகலாம். நகராட்சியில் தபால் பிரிவில் இருந்தவன் நான். அண்ணன் என்னைத் 'தபால் தம்பி' என்று கூப்பிடுவார். மதியம் உங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, கேட்காமலே நீங்கள் வைக்கிற தட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவேன். முப்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. நீங்கள் குடியிருந்த வீட்டுக்காரரின் மகளிடம் உங்கள் முகவரியை வாங்கினேன். கொடுக்கலாமா வேண்டாமா என்று அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

நான் போன வருடம் மேலாளராக ஓய்வு பெற்றேன். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மனைவிக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. இப்போது என் சட்டையில் இருக்கும் கறையெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரிகிறது. எனக்கு முழங்கால்தான் பகை. மற்றபடி குறையில்லை.

எழுத வந்த விஷயம் இதுதான். நகராட்சிக்கு நூறு வயதாகிறது. மலர் ஒன்று போடுகிறார்கள். இந்த ஊரை நடத்திய தலைவர்கள், ஆணையர்கள், பொறியாளர்கள், சுகாதார அலுவலர்கள் எல்லோருடைய வரலாற்றையும் எழுதித் தரும்படி இப்போதைய ஆணையர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். என் மகள் வயதுதான் இருக்கும் அவருக்கு. "உங்கள விட்டா இதெல்லாம் யாருக்கு சார் தெரியும்?" என்றார். எனக்கும் தலைகால் புரியவில்லை, ஒப்புக்கொண்டுவிட்டேன். பதிவறையில் ஒரு மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மேலே ஒழுகும், கீழே பூச்சி.

எத்தனை விதமான மனிதர்கள், அண்ணி! பத்தொன்பதே நாள் தலைவராக இருந்துவிட்டு, அந்தப் பத்தொன்பது நாளும் நாற்காலிக்கு மெத்தை கேட்டே கடிதம் எழுதிய ஒருவர். மணிக்கூண்டு கட்டிய பொறியாளர், கடிகாரம் ஓடாததற்குக் காற்றைக் குறை சொல்லி எட்டுப் பக்கம் விளக்கம் எழுதியிருக்கிறார். பெரிய தீ விபத்தின்போது தன் வீடு எரிவதை விட்டுவிட்டு மருத்துவமனைக்குத் தண்ணீர் வண்டியைத் திருப்பிவிட்ட ஒரு மேற்பார்வையாளர், அதற்காகவே வேலை இழந்திருக்கிறார்.

சுகாதார அலுவலர்கள் மொத்தம் ஒன்பது பேர். ஆளுக்கு ஒரு பக்கம், ஒரு புகைப்படம். ஐந்தாமவரான நம் அண்ணனுக்கு மட்டும் அலுவலகத்தில் படம் இல்லை. பணிப் பதிவேட்டையும் காணவில்லை. ஆகவே அவருடைய படம் ஒன்றும், பிறந்த தேதி, படித்த விவரமும் அனுப்பி உதவ வேண்டுகிறேன்.

உங்கள் மகன் அப்போது நான்கு வயதுப் பிள்ளை. இப்போது பெரிய ஆளாகியிருப்பான். அவனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
தபால் தம்பி


பிப்ரவரி 20

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. படம் தர முடியாது, அந்தப் புத்தகத்தில் அவர் பெயரும் வர வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். மகன் எங்கும் தகப்பன் பெயரைச் சொல்வதில்லை, கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தீர்கள். தண்ணீரை நிறுத்தச் சொல்லி முன்கூட்டியே எழுதினேன் என்று அவர் விசாரணையில் சொன்னாரே, அந்தக் கடிதத்தை உண்மையிலேயே எழுதினாரா? தபால் பிரிவில் இருந்த உங்களுக்குத் தெரிந்திருக்குமே?

உங்கள் கடிதத்தை ஒன்பது நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் ஒரே சொல்தான்.

எழுதினார்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை பதினொன்றரை மணிக்கு, தானே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். மழைக்காலம், குடை கையில் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளத் தெருக் குழாய்களில் சாக்கடை கலக்கிறது, பரிசோதனை முடிவு வந்துவிட்டது, புதுத் தொட்டியிலிருந்து போகும் தண்ணீரை இன்றைக்கே நிறுத்த வேண்டும், லாரியில் நல்ல தண்ணீர் அனுப்ப வேண்டும், ஒலிபெருக்கி வைத்துச் சொல்ல வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம். "தம்பி, இதுக்கு இப்பவே நம்பர் போடு. நாளைக்குன்னு வைக்காத" என்றார். எண் 2714. வருகிற கடிதங்களை வரிசையாக எழுதும் தபால் பதிவேட்டில், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுதினேன். ஆணையர் அறைக்கு நானே எடுத்துக்கொண்டு போனேன்.

ஆணையர் படித்தார். மூலையில் பச்சை மையால் 'பேசவும்' என்று எழுதினார். அவ்வளவுதான். யாரும் யாரோடும் பேசவில்லை. அந்தத் தொட்டியைத் தலைவர் திறந்துவைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. கடிதம் அவர் மேசையில் தாள் பறக்காமல் வைக்கிற கண்ணாடி உருண்டைக்கு அடியில் கிடந்தது. இருபத்தொன்றாம் தேதி பள்ளத் தெருவில் முதல் சாவு. இருபத்து நான்காம் தேதி அண்ணன் கோபத்தோடு இரண்டாவது கடிதம் எழுதினார். அதற்குள் ஒன்பது பேர் போயிருந்தார்கள். மொத்தம் முப்பத்தொரு பேர். அதில் பத்தொன்பது குழந்தைகள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரியாதது இனிமேல்தான்.

விசாரணைக்கு உத்தரவு வந்த மறுநாள் ஆணையர் எனக்குக் கார் அனுப்பினார். அதுவரை நான் காரில் ஏறியதே இல்லை. அவர் பங்களாவின் பின்னறையில் மேசை, புதுப் பதிவேடு ஒன்று, நான்கு பேனா, இரண்டு வகை மை எல்லாம் தயாராக இருந்தன. தைத்த புத்தகத்தில் ஒரு வரியை மட்டும் சுரண்டினால் தெரிந்துவிடும் அல்லவா? அதனால் மூன்று மாதப் பதிவுகளையும் முதலிலிருந்து பார்த்து எழுதச் சொன்னார். 2714-க்கு நேரே அண்ணனின் கடிதத்துக்குப் பதிலாக, தெருவிளக்கு எரியவில்லை என்று இல்லாத ஒருவர் கொடுத்த மனு. "நீ எழுதினதத்தானே நீயே திருப்பி எழுதுற, இதுல என்ன இருக்கு?" என்றார். நான் தற்காலிக ஊழியன். நிரந்தரப் பட்டியல் அந்த வாரம் மேலே போகப்போகிறது என்பதையும் சொன்னார். நான்கு பகல் உட்கார்ந்து எழுதினேன். பழையதாகத் தெரிய வேண்டுமே என்று ஒரு பக்கத்தில் டீயைச் சிந்தினேன். அண்ணி, அதை அவர் சொல்லவில்லை. அது என் சொந்த யோசனை.

சுகாதாரப் பிரிவில் இருந்த நகல் அதற்கு முன்பே காணாமல் போயிருந்தது.

விசாரணை அன்று, ஒன்பதாம் தேதியே எழுதினேன் என்று அண்ணன் சொன்னார். அதிகாரி பதிவேட்டைத் திறந்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முன்னால் நான்கு பக்கம், பின்னால் நான்கு பக்கம் புரட்டினார். பிறகு தலையைத் தூக்கி, சுவரோரம் பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்தார். இது யார் எழுத்து தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும் சார். தம்பி கையெழுத்துதான்."

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய் என்று கத்தியிருக்கலாம். என்னைக் கூண்டில் ஏற்றச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் மேல் இரக்கப்பட்டார் என்று சில வருடம் நினைத்துக்கொண்டேன். அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது.

பழி முழுவதும் அண்ணன் மேல் விழுந்து வேலை போனபின், மேல்முறையீட்டுக்காகத் தலைநகருக்குப் பஸ் ஏறுவதற்கு முதல் நாள், "நிஜமாவே எழுதினீங்களா?" என்று நீங்கள் கேட்டதாகவும், அவர் பதில் சொல்லாமல் பெட்டியை மூடியதாகவும், அதை 'இல்லை' என்று எடுத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தீர்கள். மறுநாள் அந்தப் பஸ்ஸிலேயே அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல நான் யார்? நீங்கள் எடுத்துக்கொண்ட அர்த்தம் தவறு. அது மட்டும் எனக்குத் தெரியும். அதை முப்பத்திரண்டு வருடம் உங்கள் நெஞ்சில் இருக்கவிட்டவன் நான்.

பழைய பதிவேட்டையும் அந்தக் கடிதத்தையும் எரிக்கச் சொல்லி ஆணையர் என்னிடம்தான் கொடுத்தார். பழைய செய்தித்தாளை எரித்துப் புகையைக் காட்டிவிட்டு, இரண்டையும் பதிவறையில் நாய் உரிமக் கட்டுகளுக்கு நடுவில் செருகிவைத்தேன். எரிக்கவும் துணியவில்லை, வெளியே காட்டவும் துணியவில்லை. போன செவ்வாய்க்கிழமை எடுத்துப் பார்த்தேன். பூச்சி தொடவில்லை. நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அண்ணனின் எழுத்து உங்களுக்குத் தெரியும். மகனுக்கும் காட்டுங்கள்.

மன்னிப்புக் கேட்டு எழுதிய வரிகளை அடித்துவிட்டேன். கேட்டால் நீங்கள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் உங்கள் தலையில் வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டில் சாப்பிட்டவன்


ஜூன் 30

அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் பதில் எழுதவில்லை. என்னை மேலும் எழுதச் சொல்லிக் கேட்கவும் இல்லை. அதன்பிறகு நடந்ததைத் தெரிவிப்பது என் கடமை.

பெயர் வேண்டாம் என்றீர்கள். உங்களை மீறித்தான் ஐந்தாவது சுகாதார அலுவலரின் பக்கத்தை எழுதினேன். நான் செய்ததையும் விடாமல் சேர்த்துக் கொடுத்தேன். இப்போதைய ஆணையர் இரண்டு முறை படித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, "சார், இது மலர். விசாரணைக் கமிஷன் இல்ல" என்றார். கெட்டவர் இல்லை. தண்ணீர்கூட வரவழைத்துக் கொடுத்தார். ஆனால் பக்கத்தை எடுத்துவிட்டார்.

மலர் வழவழப்பான தாளில் வந்துவிட்டது. சுகாதார அலுவலர்கள் எட்டுப் பேர். நான்காமவரின் பதவிக்காலத்தைப் பதினொரு மாதம் நீட்டி இடைவெளியை அடைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய ஆணையருக்கு முழுப்பக்கப் படம். கீழே, ஊருக்குத் தண்ணீர் தந்தவர் என்று போட்டிருக்கிறது. முகப்பில், தொகுத்தவர் என்று என் பெயர். இரண்டாவது முறையும் என் பெயரில் ஒரு பொய்.

மலரை அப்படியே வைத்துவிட்டு, மூலப் பதிவேட்டையும் கடிதத்தையும் ஒரு மனுவோடு தலைமை அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. சம்பந்தப்பட்டவர்கள் காலமாகிவிட்டதால் மேல்நடவடிக்கை தேவையில்லையாம். அலுவலக ஆவணத்தை மறைத்துவைத்ததற்காக என் ஓய்வூதியத்தை ஏன் நிறுத்தக் கூடாது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். பழைய சகாக்கள் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தத் தாளை மனைவியிடம் கொடுத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "அந்த வீட்டுல எத்தன நாள் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

பிறகு ஒன்று தோன்றியது. எழுத்தில் இடமில்லாவிட்டால் வாயால் சொல்லலாமே! நகல்களை எடுத்துக்கொண்டு பள்ளத் தெருவுக்குப் போனேன். முழங்கால் ஒத்துழைத்த வரையில் வீடு வீடாகச் சொன்னேன். பாதிப் பேர் புதிதாகக் குடிவந்தவர்கள். ஒரு இளைஞன், எந்தக் கட்சி அனுப்பியது என்று கேட்டான். ஒரு பெரியவர் அண்ணனின் பதவியைச் சொன்னதுமே காறித் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெருக் கோடியில் துணி தேய்க்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். எழுபதை நெருங்கும் வயது. அந்த அக்டோபரில் ஒரே வாரத்தில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அவருக்குப் படிக்கத் தெரியாது, நான் படித்துக் காட்டினேன். தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். 'கொதிக்கவைத்து ஆறிய நீரைத் தவிர வேறெதையும் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்பட வேண்டும்' என்ற வரி வந்ததும், மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். தேதியைக் கேட்டார். ஒன்பது என்றேன். விரல் விட்டு எண்ணினார். அவருடைய பெரிய பிள்ளை போனது இருபத்து மூன்றாம் தேதியாம்.

இதை உங்களுக்கு எழுதலாமா என்று வெகுவாக யோசித்தேன். மறைத்து மறைத்துத்தான் இவ்வளவும் ஆயிற்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்த ஆபீசர் வீட்டு ஜன்னல்ல முதக் கல்லு போட்டவ நான்தான். உள்ள அந்தம்மா புள்ளைய வாரிக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போனாங்க. அதப் பாத்துட்டுத்தான் ரெண்டாவது கல்ல எடுத்தேன்."

மடித்த துணிகளை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "அந்தம்மா இருக்காங்களா?" என்றார்.

இருக்கிறார்கள், தூரத்தில் மகனோடு இருக்கிறார்கள் என்றேன். எந்த ஊர் என்று கேட்டார். உங்களைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து தூங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை அவருக்குக் கடை இல்லை. ஐந்து வாரமாக ஒவ்வொரு திங்களும் என் வீட்டு வாசலுக்கு வருகிறார். உள்ளே கூப்பிட்டால் வருவதில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, கடிதம் வந்ததா என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்கிறேன். சரி என்று போகிறார். உங்களை நேரில் பார்த்தால் என்ன சொல்வார் என்று போன வாரம் கேட்டேன். தெரியவில்லை, போய் நின்றால் போதும் என்றார்.

அண்ணி, இது எனக்காகக் கேட்பது அல்ல. என்னை நீங்கள் எப்படி வைத்தாலும் அது சரிதான். அவருக்கு உங்கள் முகவரியைக் கொடுக்கட்டுமா? வேண்டாம் என்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்புங்கள். திங்கட்கிழமை வாசலில் வைத்து அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். உள்ளது உள்ளபடி படிப்பேன். ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன்.

நீங்களும் உங்கள் மகனும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும்.

தங்கள்,
தபால் தம்பி