டெல்சியிடம் வாங்கிய சத்தியம்

ஹம்
19.02.2006

அன்பு மகள் டெல்சிக்கு,

மாதாவின் காவலில் நீயும் லோறன்ஸ் மாமா வீட்டாரும் ரொறன்ரோக் குளிரைச் சமாளித்துக்கொண்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி அம்மா எழுதுகிறேன். இங்கே எங்களுக்கும் ஒரு குறையும் இல்லை, அப்பாவின் முதுகைத் தவிர. தொழிற்சாலையில் பெட்டி தூக்கப் போய்ப் பிடித்துக்கொண்டது, டொக்டர் ஒரு கிழமை வீட்டில் நிற்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். தம்பி லக்ஸனுக்கு மின்சார வேலை பழக அவுஸ்பில்டுங் இடம் கிடைத்துவிட்டது, ஓகஸ்டில் தொடங்குகிறான். கடிதம் வந்த அன்று சந்தோசத்தில் என்னைத் தூக்கிச் சுற்றினான், என் இடுப்பும் அப்பாவின் முதுகோடு சேரப் பார்த்தது.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே, அம்மா ஏன் மினக்கெட்டுக் கடிதம் எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் என்றால் நான் கத்திவிடுவேன் பிள்ளை, போன கார்த்திகையில் கத்தினதே போதும். மருத்துவக் கல்லூரிக்குப் போக முன்னம் படிக்கிற பட்டப்படிப்பில் வரலாற்றை முதன்மைப் பாடமாக எடுக்கப் போகிறேன், மருத்துவத்துக்குக் கேட்கிற பாடங்களையும் கூடவே படிப்பேன் என்று நீ சொன்னாய், என் காதில் வரலாறு மட்டும்தான் விழுந்தது. இந்த ஜேர்மனியில் பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனையான அபிற்றூர் முடித்தால் மருத்துவம் என்றால் மருத்துவம்தான், வரலாறு என்றால் வரலாறுதான், வேறு பேச்சில்லை. உனக்குப் புள்ளி கொஞ்சம் குறைந்து இங்கே இடம் கிடைக்காமல்தானே, வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று மாமாவிடம் அனுப்பினேன். அங்கே போயும் மருத்துவத்தைக் கைவிட்டுவிட்டாள் என்று எனக்குத் தலை சுற்றியது. செத்துப்போன ராசாக்களைப் படிச்சுப்போட்டு உயிரோடை இருக்கிற சனத்துக்கு என்னெண்டு மருந்து குடுக்கப் போறாய் என்று கேட்டேன். நீ விளக்கம் சொல்லத் தொடங்கினாய், நான் விடவில்லை. முதன்மைப் பாடம் பதிகிற படிவத்தில் உயிரியல் என்றுதான் எழுதுவேன் என்று மடு மாதா மேல் சத்தியம் பண்ணு என்று பிடிவாதமாக நின்றேன். கடைசியில் நீ, ஓமம்மா, சத்தியம் என்றாய். வென்றுவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு இடியப்பம் கூடச் சாப்பிட்டேன்.

நத்தாருக்கு வாழ்த்து மட்டையோடு உன் பல்கலைக்கழகத்துப் பாட விபரம் எல்லாம் இருக்கிற ஒரு ஆங்கிலப் புத்தகமும் அனுப்பியிருந்தாயே, அதைச் செபத்துக்கு வைக்கத்தான் அனுப்பியிருக்கிறாய் என்று நினைத்து மாதா சுரூபத்துக்குக் கீழே வைத்திருந்தேன். அப்பா முதுகு நோவோடு படுத்திருந்த கிழமையில் அகராதியும் கையுமாக அதை முழுதும் வாசித்து முடித்தார். முடித்துவிட்டு, மரியமலர், இஞ்சை ஒருக்கா வாரும், நாங்கள் பெரிய பிழை விட்டிட்டம் என்றார். நாங்கள் என்று சொன்னது அவருடைய நல்ல மனம், பிழை விட்டது நான் மட்டும்தான். உயிரியல், இரசாயனம், சேதன இரசாயனம், பௌதிகம், ஆங்கிலம் இவ்வளவும் நல்ல புள்ளியோடு இருந்தால் முதன்மைப் பாடம் எதுவானாலும் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமாம், சங்கீதம் படித்தவர்கள்கூடப் போகிறார்களாம். நீ போனில் சொன்னதும் இதைத்தானே.

அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. முதியோர் இல்லத்தில் எங்கள் பகுதிக்கு டீன்ஸ்ற்பிளான் போடுகிறவள் நான், பதினொரு பேருடைய வேலை நேரமும் லீவும் கோபதாபமும் ஒரு தாளில் அடங்க வேண்டும், அதைப் போலவே உனக்கும் ஒன்று போட்டுப் பார்த்தேன். எட்டுத் தவணை, தவணைக்கு ஐந்து பாடம், நாற்பது கட்டம். மருத்துவத்துக்கு வேண்டியதை எல்லாம் பென்சிலால் நிரப்பிய பிறகும் முக்கால்வாசிக் கட்டம் வெறுமையாகக் கிடக்கிறது, உன் வரலாற்றுக்கு அது தாராளமாகக் காணும். தாளை இதோடு வைத்திருக்கிறேன். பாரமான இரண்டு பேரைத் தூக்குகிற வேலையை ஒரே ஆளுக்கு ஒரே காலையில் நான் போடுவதில்லை, அதனால் இந்த வருடம் சேதன இரசாயனம் ஓடட்டும், பௌதிகத்தை வருகிற வருடத்துக்குத் தள்ளு. ஆய்வுகூடம் இருக்கிற கிழமையில் கட்டுரையைக் கடைசி நாள் வரைக்கும் இழுக்காதே. நுழைவுச் சோதனைக்கு மூன்றாம் வருடக் கோடை விடுமுறையை விட்டுவை, அதில் கலியாண வீடு, பிறந்தநாள் என்று மாமி கூப்பிட்டால் ஏலாது என்று சொல்லு.

போன ஞாயிறு மாமா போன் எடுத்திருந்தான். பிள்ளை படிக்குது, சாப்பிடுது அக்கா, ஆனா முந்தி மாதிரி என்னோடை சண்டைக்கு வருகுதில்லை என்றான். சோற்றுக் கோப்பையோடு இருந்துகொண்டு உலகத்து விசயம் எல்லாத்துக்கும் வாதாடுகிற பிள்ளை நீ. உன் வாயை அடைத்தது நான்தான் என்று நினைக்க எனக்கு அழுகை வந்துவிட்டது. பூசை முடிந்ததும் எங்கள் தமிழ்ச் சுவாமியிடம் போய், இந்தச் சத்தியத்தை நீங்கள் ஒருக்கா எடுத்துவிடுங்கோ என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, மாதாவோடை நான் கதைக்கிறன் அக்கா, பிள்ளையோடை நீங்கள்தான் கதைக்க வேணும், வாங்கின ஆள்தானே திருப்பிக் குடுக்கிறது என்றார்.

உள்ளதைச் சொல்கிறேன், நீ டொக்டராக வர வேண்டும் என்ற ஆசை எனக்கு ஒரு துளியும் குறையவில்லை. பக்கத்து வீட்டுக் கமலநாயகி அக்காவிடமும் கடைக்காரரிடமும் என் மகள் டொக்டர் என்று இப்போதே சொல்லித் திரிந்ததும் நான்தான், நீ இல்லை. நாளைக்குப் படித்து முடிக்கிற நேரம் வரலாறே போதும் என்று உனக்குத் தோன்றினால் அதையும் என்னிடம் சொல்லு. கத்துவேன். ஆனால் இனிச் சத்தியம் கேட்க மாட்டேன்.

மாதா உன் படிப்பையும் உடம்பையும் காத்து ஆசீர்வதிக்கட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே. படிவம் கொடுக்கக் கடைசி நாள் பங்குனி 31, அப்பா புத்தகத்தில் சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார். இந்த நாட்டில் கையெழுத்து இல்லாத எதுவும் செல்லாது என்று உனக்குத் தெரியும், அதனால் முழுப் பெயரும் போட்டு எழுதுகிறேன். மடு மாதாவின் பேரால் மகள் டெல்சியிடம் நான் வாங்கிய சத்தியத்தை இத்தால் அவளிடமே திருப்பிக் கொடுக்கிறேன். படிவத்தில் அவள் விரும்பியதை எழுதலாம்.

உன்னை ஒரு வார்த்தை பேச விடாததற்கு மன்னிப்புக் கேட்கும்,
அம்மா
மரியமலர் பேனாட்