காய் வடித்த தண்ணீர்

பள்ளிக்கூட வேன் வருவதற்குள், இன்னும் எழுந்திருக்காத கணவர் லூர்துசாமிக்கு செலின் டீச்சர் சீட்டு எழுதினாள்.

"டெய்சி அப்பா, சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. வெஞ்சனம் உருளைக்கிழங்கு. பயப்படாதீங்க, டாக்டர் சொன்னாப்புல நறுக்கி ஊறப்போட்டு, நெறையத் தண்ணியில வேகவச்சு வடிச்சாச்சு. இளநிக்காரர் வந்தா வேணாம்னு சொல்லிருங்க. புது மாத்திரை டிவி பக்கத்துல."

இதயமும் கிட்னியும் தளர்ந்த மனிதர்; பொட்டாசியம் ஏறவே கூடாது. நேற்று ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் மறுபடியும் ஏறியிருந்தது.

"எனக்குத் தெரியாம சிறுமலை வாழைப்பழம் தின்னீங்கல்ல?" என்று ராத்திரி அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தோணியார் சத்தியமா தொடல செலின்."

அவள் நம்பவில்லை. அவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

"ரசமும் இருக்கு. காய் வடிச்ச தண்ணியை வீணாக்காம அதுலதான்"

பேனா நின்றது. காயிலிருக்கும் பொட்டாசியம் தண்ணீரோடு போகத்தானே டாக்டர் வடிக்கச் சொன்னார்? சத்து போகிறதே என்று, அம்மா வீட்டுப் பழக்கத்தில், அந்தத் தண்ணீரை அவள் தினமும் ரசத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நாக்கு செத்துப்போச்சு என்று அவர் சலித்துக்கொண்டால் இன்னொரு டம்ளர் ரசம் கொடுத்தாள்.

வாசலில் ஹாரன் அடித்தது. ரசத்தை சிங்க்கில் கவிழ்த்தாள். கடைசி வரியை அடித்துவிட்டு, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"ரசம் கொட்டிட்டேன். இனிமே அது வேணாம். வேன்ல ஏறுனதும் டாக்டருக்குப் போன் பண்றேன். நீங்க பழம் திங்கல. நாந்தான் டம்ளர் டம்ளரா ஊத்திக் குடுத்திருக்கேன். சாப்பிடுங்க."