சந்தியாவின் போணி

ஆடி மாதம், வியாழன் இரவு.

பிள்ளைகளுக்குத் தொழில் தொடங்கக் கற்றுத்தர நாடு முழுக்கப் பள்ளிகளைச் சேர்க்கும் டில்லி அமைப்போடு எங்கள் பாகூர் பள்ளிக்கு இன்று ஒப்பந்த விழா. மற்ற மாநிலப் பள்ளிப் பிள்ளைகள் காணொளித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டில்லியிலிருந்து வந்த அம்மாவுக்கு ஒரு பாக்கெட் முறுக்கு கொடுக்கச் சொன்னார் தலைமையாசிரியர். விழாவில் கம்பு முறுக்குக் கடை போட்டிருந்த என் பதினொன்றாம் வகுப்பு மாணவி சந்தியா, பாக்கெட்டின் மேலிருந்த கையை எடுக்கவே இல்லை.

"இன்னும் போணி ஆவல சார். மொத யாவாரத்த ஓசில குடுக்க மாட்டோம்."

"இன்னாடி, மானத்த வாங்குற!" என்று அவள் காதருகே பல்லைக் கடித்தேன். ஒப்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். என்னவென்று அந்த அம்மா கேட்க, வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரித்தபடி பத்து ரூபாயை நீட்டினார். சந்தியா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

உடனே திரையில் ஒரே கூச்சல். ராஜஸ்தானோ ஒடிசாவோ ஆந்திராவோ, எந்த ஊர்ப் பிள்ளை என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றும் கையைக் கண்ணுக்கும் நெற்றிக்கும் கொண்டுபோய்க் காட்டுகிறது. "அவங்க ஊர்க் கடையிலும் இப்படித்தானாம்" என்று அந்த அம்மா ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது. ஒருவரையொருவர் பார்த்தே இராத பிள்ளைகள்! இதை எந்தப் பயிற்சி வகுப்பில் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்த ஆரவாரத்தில் கையெழுத்து வாங்க எல்லோருமே மறந்துவிட்டோம். ஒப்பந்தத் தாள் என் பையில்தான் இருக்கிறது. நாளை சார் கத்துவார். கத்தட்டும்.