எந்தச் சரிவு என்று கேட்டவனுக்கு

நேற்று என் ஸ்டூடியோவில் ஒருவருடைய போன் உன் பேச்சைப் பேசியது. அவர் ராசிங்காபுரத்துக்காரர். மலையில் இரண்டு ஏக்கர் ஏலக்காட்டைப் புதிதாகக் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார். பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தவர், நான் விளக்கைச் சரிசெய்வதற்குள் போனை வாய்க்கருகில் வைத்து, "ஏலச்செடிக்கு நெழல் எம்புட்டுக் கழிக்கணும்?" என்று கேட்டார். இப்போது எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள். போடியில் யாரும் பேசாத சுத்தத் தமிழில் ஒரு பெண் குரல் பதில் சொன்னது: "மழைக்கு முன்பே நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்துவிடுங்கள். குடையை மடக்கினால்தான் செடி வானம் பார்க்கும்."

குடையை மடக்குவது, செடி வானம் பார்ப்பது. மலையில் வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கிருந்து எடுத்தது என்று போன் சொல்லவில்லை. எனக்குத் தெரியும், மாப்ளே.

நாம் இருவரும் நடத்திய யூடியூப் சேனலை நினைத்தால் இன்றும் சிரிப்புதான் வருகிறது. நீ உன் காட்டில் நின்று பேசுவாய். நான் கீழே போடியில் உட்கார்ந்து வெட்டி ஒட்டுவேன். அங்கே ஒரு பாறைமேல் ஏறினால்தான் சிக்னல். அதனால் மெமரி கார்டைத் தாளில் மடித்து ஜீப்பு டிரைவரிடம் கொடுத்தனுப்புவாய். உலகம் பூராவும் போகவேண்டிய வீடியோ முதலில் காய் மூட்டைகளோடு மலை இறங்கி வரும். கார்டில் எப்போதும் ஏலக்காய் வாசனை அடிக்கும்.

யார் சந்தேகம் கேட்டாலும் பதிலுக்கு முன்னால் உன்னிடம் ஒரு கேள்வி இருக்கும். "எந்தச் சரிவு? மத்தியானத்துக்கு மேல வெயில் விழுதா?" கிழக்குச் சரிவில் செடியை வாழவைப்பது மேற்குச் சரிவில் அதைக் கருக்கிவிடும் என்பது உனக்கு அரிச்சுவடி. "கல்யாண வீட்டுல சாப்ட்டியான்னு கேட்டாக்கூட எந்தப் பந்தின்னு கேப்ப போல" என்று கிண்டல் செய்திருக்கிறேன். சிரித்துவிட்டு, அடுத்து வந்தவரிடமும் அதையேதான் கேட்டாய்.

நிழல் கழிப்பதைப் பற்றிய அந்த வீடியோவில் பதினோரு நிமிடம் பேசியிருந்தாய். ஒரு நிமிட வீடியோக்கள் வந்து எல்லாரையும் பிடித்துக்கொண்ட நேரம் அது. தொடக்கத்தில் சரிவைப் பற்றி நீ சொன்னதெல்லாம் எனக்கு இழுவையாகத் தெரிந்தது. குடை, வானம் என்று அழகாகச் சொன்ன இடம் வந்ததும் அதை மட்டும் எடுத்து, கீழே இசை சேர்த்து ஏற்றிவிட்டேன். நாம் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அடுத்த மாதம் ஒரு அம்மா கருகிய இலைகளைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்டூடியோவுக்கே வந்தார். மேற்குச் சரிவில் ஒரு ஏக்கர். அவருக்கு இருந்ததே அதுதான். அன்று நீயும் கீழே வந்திருந்தாய்.

"நீ சொன்னேன்னுதான் அப்பு கழிச்சேன். மழை பிந்திருச்சு. செடி பூராம் போச்சு" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

"ஆமா ஆத்தா. நான் வெவரமாச் சொல்லியிருக்கணும். என் தப்புதான்" என்றாய். என் பக்கம் நீ திரும்பவே இல்லை. நான் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவருக்கு உன் காட்டிலிருந்து நாற்று கொடுத்தனுப்பினாய். நான் வீடியோவைச் சேனலிலிருந்து நீக்கிவிட்டேன். அதற்குள் அது வாட்ஸப் குரூப்புகளில் ஏறி, வேறு பெயரில், வேறு இசையோடு சுற்றத் தொடங்கியிருந்தது. போன வருடம் நீ நெஞ்சுவலியில் போனாய். உன் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தேன்; வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தன. மறுநாள் படம் தானாக மறைந்துவிட்டது.

நேற்று அந்த ராசிங்காபுரத்துக்காரரிடம், "எந்தச் சரிவுண்ணே உங்க காடு?" என்று கேட்டேன்.

"மேக்க பாத்த சரிவு."

"அப்ப கெளையில கை வச்சிராதீங்க. அது பாதிப் பேச்சு. சொன்னவன் முழுசாத்தான் சொன்னான். நான்தான் வெட்டுனேன்."

இதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். யாரை நம்புவது என்று அவருக்குக் குழப்பம். ஊர் உலகத்து விவரமெல்லாம் அந்தப் போனுக்குத் தெரியும். கேட்டவரின் காடு எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியாது. அது கேட்கவும் இல்லை. "சரி, விசாரிக்கிறேன். போட்டோவ வெரசா எடுங்க" என்றார்.

இன்று காலை அந்தப் பழைய கார்டைத் தேடி எடுத்தேன். வாசனை போய்விட்டது. பதினோரு நிமிடத்தையும் முதல்முறையாகக் கடைசிவரை பார்த்தேன். பேசி முடித்து, அணைப்பதற்குக் கையை நீட்டிக்கொண்டே எனக்காக ஒன்று சொல்லியிருக்கிறாய்: "மாப்ளே, எத வேணாலும் வெட்டு. சரிவ மட்டும் வெட்டிறாத."

அந்த அம்மா முன்னால் நின்றபோது இது உனக்கு நினைவிருந்திருக்கும். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை ஒரே ஜீப்பில் மலை ஏறி இறங்கினோம். ஏன் வெட்டினாய் என்று ஒருநாளும் நீ கேட்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டும் வெட்டினான் என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் கடைசிவரை பார்க்கவே இல்லை, மாப்ளே.

முழு வீடியோவையும் அந்தக் கடைசிப் பேச்சோடு ஏற்றிவிட்டேன். இதுவரை நான்கு பார்வை. அதில் மூன்று என்னுடையது. போன் அதை எப்போது படிக்குமோ தெரியாது. அதுவரை, ஸ்டூடியோவுக்கு வருகிறவர் யாராவது ஏலக்காடு என்று வாயெடுத்தால், விளக்கைப் போடுவதற்கு முன்பே எந்தச் சரிவு என்று கேட்டுவிடுகிறேன்.